அவளின் சுகத்தை எழுதிக் கொடுத்தேன்

கிழமைக்கு மூன்று நாள் நான் டயாலிசிஸுக்குப் போகிறேன். செவ்வாய், வியாழன், சனி. மத்தியானம் பன்னிரண்டரைக்குக் கதிரையில் சாய்ந்தால் ஐந்து மணிக்கு எழும்பலாம். ஜெர்மனியில், கெல்சென்கிர்ச்சன் நகரத்துப் பாண் தொழிற்சாலை ஒன்றில் இருபத்தொரு வருசம் மாக்குழைக்கும் இயந்திரத்தடியில் நின்றவன் நான். இரண்டு சிறுநீரகங்களும் கைவிட்ட பிறகு அந்த வேலையும் போய்விட்டது. இப்போது உடம்புக்குள் எவ்வளவு தண்ணீர் போகிறது என்று அளந்து குடிப்பதும், காலையும் மாலையும் தராசில் ஏறி நிற்பதுமே என் வேலை.

அந்த ஒக்டோபர் தொடக்கத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை, டயாலிசிஸ் நிலையத்தின் வரவேற்பு மேசையில் பெரிய பிரம்புக்கூடை ஒன்று இருந்தது. அப்பிள், திராட்சை, பூசணிக்காய், உருளைக்கிழங்கு, வால்நட், நடுவில் கோதுமைக் கதிர்க்கட்டு. ஒக்டோபரின் முதல் ஞாயிறு இங்கே எர்ன்டெடாங்க். விளைந்ததற்கெல்லாம் நன்றி சொல்லுகிற நாள். தேவாலயங்களில்தான் இப்படிக் கூடை வைப்பார்கள். அந்த வருசம் எங்கள் தாதிமாரும் வைத்துவிட்டார்கள்.

கூடையில் இருந்ததில் முக்கால்வாசி எங்களுக்கு விலக்கு. பழத்திலும் கிழங்கிலும் கொட்டையிலும் இருக்கிற பொட்டாசியத்தை எங்கள் உடம்பால் வெளியேற்ற முடியாது. கூடினால் இதயம் நின்றுவிடும். என் பக்கத்துக் கதிரைக்காரர் எழுபது தாண்டிய முன்னாள் சுரங்கத் தொழிலாளி. அவர் ஜாக்கெட்டைக் கழற்றிக்கொண்டே கூடையைப் பார்த்து, "எங்கள் எல்லாரையும் முடிக்க இது ஒன்றே போதும்" என்றார்.

தாதிக்குக் கொஞ்சம் முகம் சுருங்கிவிட்டது. இருந்தாலும் இலை வடிவில் வெட்டிய அட்டைகளை ஒவ்வொருவருக்கும் தந்தாள். எதற்கு நன்றி என்று ஒரு வரி எழுத வேண்டும். யன்னலடியில் சாடிக்குள் நிற்கும் காய்ந்த கொப்பில் அதைத் தொங்கவிடுவாளாம். சுரங்கக்காரர் யோசிக்காமல் "என் புறாக்கள்" என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அவர் பந்தயப் புறா வளர்ப்பவர்.

எனக்கு எழுத வரவில்லை. என் உடம்பைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. கடைசியில் "என் மனைவியின் சுகம்" என்று எழுதினேன். அவளுடைய சுகத்தை நம்பித்தான் அப்போது நான் இருந்தேன். அவள் தன் சிறுநீரகங்களில் ஒன்றை எனக்குத் தருவதாக இருந்தது.

அவள் அதை முதன்முதலில் சொன்னது அதற்கு முந்தின வருசம், குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டு.

"எனக்கு ரெண்டு கிடக்கு. உங்களுக்கு ஒண்டுமில்லை. இதில யோசிக்க என்ன இருக்கு?"

"விசர்க்கதை கதையாதையும்" என்றேன்.

ஒரு வருசம் மறுத்தேன். அவள் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்கிறாள். பெரிய சட்டிகளைத் தனியே தூக்குகிறவள். என் நோய் தொடங்கியதிலிருந்து அவளுக்கு ஒரு பழக்கம். யாராவது என்னைப் பற்றி விசாரித்தால், பதில் சொல்லி முடித்துவிட்டுத் தன் விரல்களை மடக்குவாள். "எனக்கெண்டால் சீனி இல்லை, பிரஷர் இல்லை, கொலஸ்ட்ரோல் இல்லை. ஒரு குளிசை போடுறேல்லை." அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பயமாக இருக்கும். சுகத்தை வாய்விட்டு எண்ணக்கூடாது, நாவூறு படும் என்று எங்கள் வீட்டில் சொல்லித்தான் வளர்த்தார்கள். அவளிடம் சொன்னால் சிரிப்பாள். பிறகு மகளும் அவளோடு சேர்ந்துகொண்டாள். மகள் டுசல்டோர்ஃபில் படிக்கிறாள். இரண்டு பேரும் சேர்ந்து என்னைக் கொண்டுபோய் வைத்தியசாலையில் ஒரு படிவத்தில் கையெழுத்து வைக்கச் செய்தார்கள்.

அதற்குப் பிறகு கோடை முழுவதும் அவளுக்குப் பரிசோதனை. இரத்தம், இதயம், நுரையீரல். ஒரு நாள் முழுக்க வந்த சிறுநீரை ஒரு பெரிய கானில் சேர்க்க வேண்டியிருந்தது. அந்தக் கானைத் துணிப்பைக்குள் வைத்து வேலைக்கும் கொண்டுபோனாள். ஒவ்வொரு முடிவும் நல்லதாகவே வந்தது. செப்டெம்பர் கடைசியில் ஸ்கான் எடுத்தார்கள். அதுதான் கடைசி என்று சொல்லியிருந்தார்கள்.

நான் அட்டை எழுதி இரண்டாம் நாள், வியாழன் காலை, வீட்டுத் தொலைபேசி அடித்தது. அவள் வேலைக்குப் போய்விட்டாள். வைத்தியசாலையிலிருந்து ஒரு பெண் பேசினாள். என் மனைவியோடு டொக்டர் நேரில் கதைக்க வேண்டுமாம். திங்கள் காலை ஒன்பது மணிக்கு நேரம் குறித்து டெர்மின் போட்டிருக்கிறார்களாம்.

"ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டேன்.

"தொலைபேசியில் என்னால் ஒன்றும் சொல்ல முடியாது. தயவுசெய்து துணைக்கு ஒருவரையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லுங்கள்."

துணைக்கு ஒருவர். நல்ல செய்திக்குத் துணை கேட்க மாட்டார்கள். இதை எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதாமல் விட்டால் மிச்சம் எல்லாம் பொய்யாகிவிடும். தொலைபேசியை வைத்ததும் எனக்கு வந்த முதல் நினைப்பு, 'அப்ப எனக்குக் கிடைக்கப்போறதில்லை' என்பதுதான். அவளுக்கு என்ன என்பது அதற்குப் பிறகுதான் வந்தது. எவ்வளவு பிந்தி என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு நொடியாக இருக்கலாம். அந்த ஒரு நொடியை இன்றைக்கும் என்னால் விழுங்க ஏலாது.

அன்று மத்தியானம் டயாலிசிஸ் நிலையத்துக்குப் போனவுடன் நேரே யன்னலடிக்குப் போனேன். கொப்பில் இருபது முப்பது இலைகள் தொங்கின. பேரப்பிள்ளைகளுக்கு நன்றி, வெயிலுக்கு நன்றி, நாய்க்கு நன்றி. என்னுடையதைத் தேடிப்பிடித்து நூலோடு இழுத்தேன். பக்கத்து இலைகளும் இரண்டு விழுந்தன. குனிந்து பொறுக்கும்போது தாதி பின்னால் நின்றாள்.

"என்ன செய்கிறீர்கள்?"

"பிழையாக எழுதிவிட்டேன்."

"வேறு அட்டை தரட்டுமா?"

"வேண்டாம்."

ஊசி ஏற்றி இயந்திரம் ஓடத் தொடங்கிய பிறகு சுரங்கக்காரர் என் பக்கம் திரும்பினார். அந்த அட்டையை நான் எழுதியதிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

"மனைவி விட்டுவிட்டுப் போய்விட்டாளா?" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. பிறகு, வேறு யாரிடமும் சொல்ல முடியாததை அவரிடம் சொன்னேன். தொலைபேசி வந்ததைச் சொன்னேன். எங்கள் ஊரில் ஒருவரின் சுகத்தைப் பெரிதாகச் சொன்னால் அது பறிபோகும் என்று நம்புவதையும், என்னால்தான் வந்தது என்று பயப்படுவதையும் சொன்னேன். ஜெர்மன் மொழியில் சொல்லும்போது சின்னப்பிள்ளைக் கதை மாதிரி இருந்தது.

அவர் சிரிக்கவில்லை. "நிலத்துக்குக் கீழே நாங்கள் யாரும் விசிலடிக்க மாட்டோம்" என்றார். "யாராவது புதியவன் அடித்துவிட்டால் அன்று முழுக்க எல்லாரும் கூரையைப் பார்த்தபடியே வேலை செய்வோம்."

"ஏதாவது நடக்குமா?"

"விசிலடிக்காத நாள்களிலும் நடந்தது."

பின்னேரம் வீட்டுக்கு வந்து அவளிடம் டெர்மின் விசயத்தைச் சொன்னேன். துணைக்கு ஆள் வேண்டும் என்பதை மட்டும் சொல்லவில்லை. அவள் கலண்டரில் குறித்துவிட்டு, "பேப்பரில ஏதும் விடுபட்டிருக்கும்" என்றாள். சனிக்கிழமை அவள் வீட்டுத் திரைச்சீலைகளை எல்லாம் கழற்றித் தோய்த்தாள். அவள் பயந்தால் தோய்ப்பாள் என்பது எனக்குத் தெரியும். நான் தெரியாதவன் போல டயாலிசிஸுக்குப் புறப்பட்டேன்.

அன்று சுரங்கக்காரரின் கதிரை வெறுமையாக இருந்தது. மூன்று வருசத்தில் அவர் ஒருநாளும் வராமல் விட்டதில்லை. தாதியிடம் கேட்டேன். மற்ற நோயாளிகளைப் பற்றிச் சொல்ல அனுமதி இல்லை என்றாள். அவள் முகத்தில் ஏதாவது தெரிகிறதா என்று பார்த்தேன். முகக்கவசத்துக்கு மேலே கண் மட்டும்தான் தெரிந்தது. நாலரை மணித்தியாலமும் இயந்திரத்தின் சத்தத்தைக் கேட்டபடி அந்த வெறும் கதிரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். டயாலிசிஸில் ஒரு கதிரை இரண்டு தரம் வெறுமையாக இருந்தால் மூன்றாம் தரம் அதில் புது ஆள் இருப்பார். நாங்கள் யாரும் கேட்க மாட்டோம்.

ஞாயிறு மகள் வந்தாள். தாயைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், திரைச்சீலை இல்லாத யன்னல்களைப் பார்த்தாள். ஏணியை எடுத்துவந்து சீலைகளைத் திரும்பக் கொளுவினாள்.

திங்கள் காலை மூவரும் டொக்டருக்கு முன்னால் இருந்தோம். நாற்பது வயதுக்குள் இருக்கும் பெண். கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். சாம்பல் நிறத்தில் என்னென்னவோ தெரிந்தன. வலது சிறுநீரகத்தில் ஒரு கட்டி என்றார். செர்ரிப்பழம் அளவு. அனேகமாகப் புற்றுநோய். சத்திரசிகிச்சை செய்து அந்தத் துண்டை மட்டும் எடுத்துவிடலாம், சிறுநீரகம் தப்பும் என்றார். மகள் ஒவ்வொரு வசனத்தையும் தாய்க்குத் தமிழில் சொன்னாள். 'புற்றுநோய்' என்ற சொல் வந்த இடத்தில் அவள் குரல் நின்றது.

"எனக்கு விளங்கினது பிள்ளை" என்றாள் தாய். "நீ சொல்லத் தேவையில்லை."

பிறகு நிமிர்ந்து, வேலையிடத்தில் பழகிய ஜெர்மன் மொழியில் டொக்டரிடம் நேரே கேட்டாள்: "மற்றது நல்லதா? இடது பக்கம்? அதை இவருக்குக் கொடுக்கலாமா?"

டொக்டர் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "இல்லை" என்றார். "இனி முடியாது. உங்களுக்கு இரண்டும் தேவை."

அப்போதுதான் அவள் அழுதாள்.

டொக்டர் என் பக்கம் திரும்பினார். இந்த அளவுக் கட்டி நோகாது, காட்டிக்கொடுக்காது என்றார். தானம் செய்ய வந்திருக்காவிட்டால் யாரும் ஸ்கான் எடுத்திருக்க மாட்டார்கள், கண்டுபிடிக்கும்போது மிகவும் பிந்தியிருக்கும் என்றார். "உங்கள் நோய்தான் உங்கள் மனைவியைக் காப்பாற்றியது என்று சொல்லலாம்." ஆறுதலுக்குத்தான் சொன்னார். எனக்கு அது ஆறுதலாக இருக்கவில்லை. கட்டியை இன்னும் எடுக்கவில்லை. எடுத்த பிறகல்லவா காப்பாற்றியது என்று சொல்ல வேண்டும். அதற்குள் ஏன் சொல்கிறார் என்று பதறினேன். பழக்கம் போகாது.

மறுநாள் சுரங்கக்காரர் தன் கதிரையில் இருந்தார். பேத்தியின் பிள்ளைக்கு ஞானஸ்நானமாம், அதற்காக ஒரு நாளை மாற்றிக்கொண்டாராம். அவரைக் கண்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் பயந்து, "அவ்வளவு மோசமா?" என்று கேட்டார். விசயத்தைச் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டு கேட்டார். அன்று முழுக்க அவர் பகிடி ஒன்றும் விடவில்லை.

நவம்பர் முதல் கிழமை சத்திரசிகிச்சை நடந்தது. அது ஒரு செவ்வாய். மகள் வைத்தியசாலையில் இருந்தாள். நான் டயாலிசிஸில் கட்டுண்டு கிடந்தேன். ஒரு கையில் ஊசி, மறுகையில் கைத்தொலைபேசி. என் இரத்த அழுத்தம் ஏறி இயந்திரம் மூன்று தரம் கூவியது. மூன்றாம் தரம் தாதி தொலைபேசியை வாங்கித் தன் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, "செய்தி வந்தால் நான் சொல்கிறேன்" என்றாள். நாலு மணிக்கு முன்னர் அவள் ஓடிவந்து தொலைபேசியை என் காதில் பிடித்தாள். மகள்தான்.

"முடிஞ்சுது அப்பா. நல்லபடியா முடிஞ்சுது. கண் முழிச்சு உங்களுக்கு இண்டைக்கு எத்தினை கிலோ எண்டு கேக்கிறா."

கட்டி முழுதாக வந்துவிட்டது என்றும், வேறு சிகிச்சை தேவையில்லை என்றும், தவறாமல் வந்து காட்ட வேண்டும் என்றும் பிறகு சொன்னார்கள்.

அவளை வீட்டுக்குக் கூட்டிவந்த நாள் மழை. எங்கள் வீடு மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை. மகள் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஏறிவிட்டாள். எனக்கு டயாலிசிஸ் ஊசி ஏற்றும் கையால் பாரம் தூக்கக்கூடாது. அதனால் மற்றக் கையை அவளுக்குக் கொடுத்து ஒவ்வொரு படியாக ஏறினோம். இரண்டாம் மாடியில் அவள் நின்றாள். படியிலேயே இருந்துவிட்டாள். நானும் பக்கத்தில் இருந்தேன்.

"உங்களுக்குத் தர ஏலாமப் போச்சு" என்றாள்.

"அதை விடும்."

"ஒரு வருசம் மினக்கெட்டு, எல்லாரையும் அலைக்கழிச்சு..."

அப்போது சொல்லிவிட்டேன். தொலைபேசி வந்த அந்தக் காலையைப் பற்றி, எனக்கு முதலில் வந்த நினைப்பைப் பற்றி. சொல்லி முடிக்க மூச்சு வாங்கியது. அவள் படியின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"எனக்கும் முதல்ல வந்தது அதுதானப்பா" என்றாள். "டொக்டர் கட்டி எண்டவுடன, இனி இவருக்கு ஆர் குடுக்கிறது எண்டுதான் வந்தது. என்ர உயிரை நான் வீட்டை வந்தாப் பிறகுதான் யோசிச்சன்."

கீழே யாரோ கதவைத் திறந்து குடையை உதறினார்கள். அவள் கைபிடியைப் பிடித்துக்கொண்டு எழும்பினாள். இன்னும் பதினெட்டுப் படி இருந்தது. நான் அவளுக்குப் பின்னால் ஏறினேன், விழுந்தால் பிடிக்கலாம் என்று. என்னால் பிடித்திருக்க முடியாது என்பது அவளுக்கும் தெரியும்.