பட்டை விழும் சத்தம்

இரும்பின் மேல் இரும்பு விழும் சத்தம் எங்கே கேட்டாலும் எனக்கு ஆகாது. பக்கத்து வீட்டுக்காரர் கேட்டைச் சாத்தினால்கூட ஒரு நிமிடம் கை வேலை நின்றுவிடும். எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு தராசு. விருத்தாசலத்தில் நான் வேலை பார்த்த செராமிக் கம்பெனியில், மண் கலக்கும் கொட்டகையின் வாசலில் அது நின்றிருந்தது. கீழே மூட்டை வைக்க ஓர் இரும்புத் தட்டு, பின்னால் நெஞ்சுயரத்துக்கு ஒரு தூண், அதன் உச்சியில் எண் வெட்டிய இரும்புப் பட்டை, பட்டையின் மேல் முன்னும் பின்னும் நகர்த்துகிற குண்டு. களிமண் மூட்டைகளை எடை போடுவது என் வேலை. இரண்டாயிரத்துக்குப் பின் வந்த வருஷங்களில் ஒன்றில், தினமும் முதல் மூட்டை ஏறுவதற்கு முன்னால் அந்தத் தட்டில் என் நாத்தனார் ஏறி நின்றார். குண்டை முந்தின நாள் எண்ணில் வைத்துவிட்டுக் காத்திருப்பேன். அவர் ஏறியதும் பட்டை ஒருமுறை துள்ளும். எடை கூடியிருந்தால் மேலேயே முட்டிக்கொண்டு நிற்கும். குறைந்திருந்தால் 'டக்' என்று கீழே விழும். அந்தச் சத்தத்துக்குத்தான் கொட்டகையே கை தட்டியது.

என் கணவரின் அக்கா அவர். அண்ணி என்று கூப்பிடுவேன். கல்யாணமாகி வந்த புதிதில் வீட்டில் முகம் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த என்னைக் கையைப் பிடித்துக் கம்பெனிக்கு அழைத்துப்போய் வேலையில் சேர்த்துவிட்டவர். நாத்தனார் என்றால் எப்படி இருப்பார்கள் என்று ஊர் சொல்லி அனுப்பியதெல்லாம் அவரிடம் பொய்த்துப் போனது. நல்ல கனத்த உடம்பு. சிரித்தால் உடம்பு முழுக்கச் சிரிக்கும். அச்சிலிருந்து எடுத்த ஊறுகாய் ஜாடிகளை ஓரம் சீவிக் காய வைக்கிற பகுதிக்கு அவர்தான் பொறுப்பு. நாளெல்லாம் நின்றபடி வேலை. சாயங்காலம் வீட்டுக்குப் போக எழுந்தால் இரண்டு முட்டிகளையும் கையால் அழுத்திப் பிடித்து, "மாதாவே, இதுங்க ரெண்டையும் கழட்டி வச்சிட்டுப் போற மாரி இருந்தா எவ்ளோ நல்லாருக்கும்" என்று சொல்லிச் சிரிப்பார். நாங்களும் சிரிப்போம்.

அந்த முட்டிகளுக்குப் பின்னால் ஒரு கடன் இருந்தது. அவருடைய ஒரே மகளுக்குப் பிரசவம் சிக்கலாகி, தாயா பிள்ளையா என்று டாக்டர் கேட்டுவிட்டுப் போன ஒரு பொழுதில், ஆஸ்பத்திரி வராண்டாவில் மண்டியிட்டு, ரெண்டு உசுரையும் கொடு, உன் கோயிலுக்கு நடந்தே வருகிறேன் என்று வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்துகொண்டார். இரண்டு உயிரும் பிழைத்தன. அந்தப் பேரன் ஓடி விளையாடும் வயதுக்கு வந்துவிட்டான். அண்ணியால் நடக்க முடியவில்லை. ஒவ்வோர் ஆவணியிலும் காவி கட்டிக்கொண்டு மற்றவர்கள் கிளம்பும்போது பங்குக்கோயில் வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டு வருவார். வந்தால் அன்றைக்குச் சாப்பிட மாட்டார். பேரனுக்குச் சளி பிடித்தால்கூட, "என்னாலதான். வாயால சொன்னத நான் இன்னும் கால்ல செய்யல" என்பார். முட்டிக்குப் பார்த்த டாக்டர், எடை குறைந்தால் நடக்கலாம், இல்லாவிட்டால் மறந்துவிடுங்கள் என்றார். அண்ணி இரண்டாவதை எடுத்துக்கொள்ளவில்லை.

தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பலோடு கொட்டகைக்கு வந்து, செருப்பைக் கழற்றிவிட்டுத் தட்டில் ஏறினார். "ஏம்மா, எல்லாருக்கும் கேக்குற மாரி சத்தமா சொல்லு. ரகசியமா சொன்னா நான் ஏமாத்திக்குவேன்" என்றார். சத்தமாகச் சொன்னேன். கொட்டகை கொல்லென்று சிரித்தது. அவர்தான் முதலில் சிரித்தார். அன்றிலிருந்து அது ஒரு வழக்கமாயிற்று. எடை கூடியிருந்தால் பதினோரு மணி டீக்கு வரும் பஜ்ஜியில் அவர் பங்கு எங்களுக்கு. அதுவும் அவர் கையாலேயே எங்களுக்குக் கொடுக்க வேண்டும். குறைந்திருந்தால் எல்லோரும் கை தட்ட வேண்டும், மண் மிதிக்கிறவர்களும் இறங்கி வந்து தட்ட வேண்டும். தவக்காலம் முழுக்க ஒருசந்தி இருந்தார், ஒருவேளைச் சாப்பாடு. முதலில் பட்டை பிடிவாதமாக மேலே முட்டிக்கொண்டு நின்றது. பஜ்ஜியைக் கொடுக்கும்போது அவர் கண் அதன் பின்னாலேயே போவதைப் பார்த்து நாங்கள் செய்த கேலிக்கு அளவில்லை. பிறகு ஒருநாள் 'டக்' என்று விழுந்தது. அண்ணி தட்டை விட்டு இறங்காமல் அப்படியே நின்று சிலுவை போட்டுக்கொண்டார்.

இந்த இடத்தில் ஜாடிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். காயாத ஜாடியைச் சூளையில் வைத்தால் வெடித்துவிடும். பக்கத்தில் இருப்பதையும் உடைக்கும். மேலே தொட்டுப் பார்த்தால் காய்ந்த மாதிரிதான் இருக்கும், சுவரின் உள்ளே ஈரம் நிற்கும். அதனால் ஒவ்வொரு தடவையும் ஒரு ஜாடியை மட்டும் தனியாக வைத்து தினமும் எடை போடுவோம். எடை குறைந்துகொண்டே வந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. குறைவது நின்றால் சூளைக்குத் தயார். எங்கள் தொழிலில் குறைவதற்கு வேறு அர்த்தமே கிடையாது. வருஷக்கணக்கில் அண்ணி அந்த ஒரு ஜாடியைக் கையில் ஏந்திப் பார்த்து, "இன்னும் கொறையுது, இன்னும் இருக்குது" என்று சொல்லித் திருப்பி வைத்ததை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். குறைவது என்றால் நல்லதை நோக்கிப் போவது என்று எங்கள் கண்ணும் கையும் பழகிப்போயிருந்தன.

ஈஸ்டர் வந்தது. ஒருசந்தி முடிந்தது. அண்ணி வீட்டில் பிரியாணி. அவர் ஆசையாக உட்கார்ந்து சாப்பிட்டதைப் பார்த்து, நாளைக்குப் பட்டை வானத்தைத் தொடப்போகிறது என்று சொன்னேன். மறுநாள் தட்டில் ஏறினார். 'டக்'. அதற்கடுத்த வாரமும் 'டக்'. பஜ்ஜி சாப்பிடலாம் என்று நாங்களே விலக்கு கொடுத்தோம். சாப்பிட்டார், அப்போதும் குறைந்தது. இப்படியும் ஒரு உடம்பு வாய்க்குமா என்று பொறாமைப்பட்டோம். ரவிக்கைகளைப் பிடித்துத் தைத்துக்கொண்டார். கன்னம் வற்றி, மூக்கு எடுப்பாகி, கல்யாணப் போட்டோவில் இருக்கிற பெண்ணாக ஆகிக்கொண்டே போனார். தெருவில் போகிறவர்கள் நிறுத்தி, எப்படிங்க குறைச்சீங்க என்று கேட்டார்கள். முட்டிக்குப் பார்த்த டாக்டரே கை கொடுத்துப் பாராட்டினாராம். "என்னண்ணி, நிறுத்தமே இல்லாம போகுதே" என்று ஒருநாள் கேட்டேன். கேட்டது பயத்தினால் இல்லை, கேலியாகத்தான். அவர் ஜாடியைத் தட்டிப் பார்க்கிற மாதிரி தன் இடுப்பைத் தட்டி, "உள்ள இன்னும் ஈரம் இருக்குதும்மா, அதான் கொறையுது. நின்னா சொல்றேன், சூளைக்கு ஏத்திடு" என்றார். அன்றைக்கு எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அந்தச் சிரிப்பு இப்போதும் என் காதில் இருக்கிறது. அதைப் பிடுங்கி எறிய ஒரு வழி இருந்தால் எறிந்துவிடுவேன்.

ஆவணியில் அவர் காவி கட்டினார். பங்குக்கோயிலில் பூசை முடிந்து விடியற்காலையில் கூட்டம் கிளம்பியபோது நானும் கூடப் போனேன். முட்டி வலிக்கவே இல்லை என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். என் கை அவர் இடுப்பில் பட்டபோது எலும்பு தட்டுப்பட்டது. இவ்வளவு இளைத்தவருக்குக் கால் ஏன் இப்படி இழுக்கிறது என்று மட்டும் புரியவில்லை. வெயில் ஏறிய பிறகு ஒவ்வொரு மரத்தடியிலும் உட்கார்ந்தார். குடித்த மோர் வெளியே வந்துவிட்டது. சாயங்காலம் சேத்தியாத்தோப்பில் வெள்ளாற்றுப் பாலத்துக்கு முன்னால், பாட்டுப் பாடிக்கொண்டு கூட்டம் மேலே போக, அண்ணி ரோட்டோரம் உட்கார்ந்தார். பிறகு எழவில்லை. "வலி எங்கயும் இல்லம்மா. தெம்புதான் இல்ல" என்றார். பஸ்ஸை நிறுத்தித் திரும்பக் கூட்டிவந்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்து, எதிர்த்திசையில் இன்னும் நடந்து போய்க்கொண்டிருந்த காவித் துணிகளைக் கடைசிவரை பார்த்துக்கொண்டே வந்தார்.

புதுச்சேரி ஆஸ்பத்திரியில் வயிற்றுக்குள் கட்டி என்றார்கள். ரொம்ப நாளாகவே இருக்கிறது, எடை குறைந்ததைக் கவனிக்கவில்லையா என்று அந்த டாக்டர் கேட்டார். கவனிக்கவில்லையா! ஒருவருடைய எடையை எங்களைப் போல் கவனித்தவர்கள் இந்த ஜில்லாவில் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். தினமும், சத்தமாக, சாட்சி வைத்துக் கவனித்தோம். கோபப்படலாம் என்று பார்த்தால் ஆள் இல்லை. தராசு பொய் சொல்லவில்லை. அண்ணி ஏமாற்றவில்லை. எங்கள் கைதட்டலில் கள்ளம் இல்லை. எல்லோரும் அவரவர் வேலையை ஒழுங்காகச் செய்தோம், அதுதான் நடந்தது. இதற்கு மேல் இதில் புரிந்துகொள்ள ஒன்றும் இல்லை என்பது எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

மருந்தின் அளவைத் தீர்மானிக்க ஆஸ்பத்திரியிலும் எடை போடுவார்கள். நர்ஸம்மா தாங்கிப் பிடித்து மிஷினில் நிறுத்துவார். அண்ணிக்குக் குனிந்து முள்ளைப் பார்க்கத் தெம்பில்லை. என்னைத்தான் பார்ப்பார். பழக்கம் அது. "எவ்ளோம்மா?" நான் சொல்வேன். சத்தமாகச் சொல்ல வாய் வராது. கிறிஸ்துமஸுக்கு வீடுகளில் ஸ்டார் கட்டத் தொடங்கிய நாட்களில் ஒரு காலை, மிஷினிலிருந்து இறக்கிக் கட்டிலில் படுக்க வைத்ததும் என் விரலைப் பிடித்துக்கொண்டார். "நின்னா சொல்றேன்னு சொன்னேன்ல. நிக்கவே மாட்டேங்குதேம்மா" என்றார். சிரிக்க முயன்றார் என்று நினைக்கிறேன். அந்த முகத்தில் அதற்கான சதை மிச்சமில்லை. ஸ்டாரைக் கழற்றுவதற்குள் அவரைக் கல்லறைத் தோட்டத்தில் வைத்துவிட்டு வந்தோம். பெட்டியைத் தூக்கிய என் கணவர், அக்கா கனமே இல்லை, கனமே இல்லை என்று அன்றிரவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். நேர்ந்துகொண்ட நடை நடக்காமலே இருக்கிறது. அவருடைய மகள் அதை முடிக்கிறேன் என்று சொன்னபோது, வேண்டாம் என்று நான்தான் தடுத்தேன். மாதாவோடு எனக்கு அன்றிலிருந்து பேச்சு வார்த்தை குறைவு.

இப்போது எனக்குச் சர்க்கரை. எடையைக் குறைத்தே ஆக வேண்டும், இல்லையென்றால் கால் போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சென்னையில் வேலை பார்க்கும் என் மகன் கண்ணாடித் தட்டு போல ஒரு எடை மிஷின் வாங்கி அனுப்பியிருக்கிறான். தினமும் காலையில் ஏறி நின்று, அதில் ஒளிர்கிற எண்ணைப் போனில் போட்டோ எடுத்து அவனுக்கு அனுப்ப வேண்டும். அது அவன் வைத்த சட்டம். இந்த மிஷினில் பட்டையும் இல்லை, குண்டும் இல்லை. நானும் இங்கே என்னோடு இருக்கும் மருமகள் அளந்து வைக்கிற சோற்றைத்தான் சாப்பிடுகிறேன், மாடியில் நடக்கிறேன். இரண்டு நாள் மூன்று நாள் ஒழுங்காக இருந்தால் எண் குறைகிறது. போட்டோவை அனுப்பிய கொஞ்ச நேரத்தில் அவனிடமிருந்து கை தட்டுகிற படங்கள் வரிசையாக வந்து விழும்.

அப்போது எனக்கு 'டக்' என்று கேட்கும். இடுப்பெலும்பு தட்டுப்படுகிறதா என்று தொட்டுப் பார்ப்பேன். அதன் பிறகு நான் செய்வது மருமகளுக்குத் தெரியாது. தெருமுனைக் கடைக்குப் போய், பஜ்ஜி வாங்கி, அங்கேயே நின்று, ருசி பார்க்காமல், மூச்சு வாங்கச் சாப்பிடுவேன். மறுநாள் எண் ஏறியிருக்கும். ஏம்மா இப்படிப் பண்ற என்று மகன் போனில் கத்துவான். அவன் கத்திக்கொண்டிருக்கும்போது எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருக்கும்.