நடுக்கோட்டைத் தாண்டிய மார்னி

அயோவாவில் பெண்கள் கூடைப்பந்து என்றால் அப்போதெல்லாம் பக்கத்துக்கு ஆறு பேர். மூன்று பேர் கூடை போடுகிறவர்கள், மூன்று பேர் தடுக்கிறவர்கள். நடுக்கோட்டுக்கு அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் இவர்கள். கோட்டை யாரும் மிதிக்கக் கூடாது. பந்தைத் தரையில் இரண்டு தட்டுத்தான் தட்டலாம். மூன்றாவது தட்டினால் விசில்.

ஹால்வர்சன் வீட்டில் மூத்தவள் லூவான் கூடை போடுகிறவள். எட்டு வயது இளையவள் மார்னி தடுக்கிறவள். "ஒருத்தி போடுவா, இன்னொருத்தி போட விடமாட்டா. இதுங்க ரெண்டும் ஒரே பக்கம் ஆடினா எனக்கு நிம்மதி" என்பார் அப்பா.

பள்ளியில் ஆடிய நான்கு வருடமும் மார்னி ஒரு போட்டியில்கூடக் கூடையை நோக்கிப் பந்தை எறிந்ததில்லை. எறிய அவளுக்கு உரிமையே கிடையாது. எதிராளியிடமிருந்து பந்தைப் பறிப்பாள், கோடு வரைக்கும் கொண்டுவருவாள், அந்தப் பக்கம் நிற்கிறவளுக்கு வீசிவிட்டுத் திரும்பிவிடுவாள். ஆனால் அவள் தடுக்க நின்றால் எவ்வளவு பெரிய கூடைக்காரியும் முகம் சுளித்துக்கொண்டுதான் ஆடினாள். அதைக் கேள்விப்பட்டு ஒரு சிறிய கல்லூரியின் பயிற்சியாளர் மிஸ் ரிக்கர்ட் வீட்டுக்கே வந்தார். சமையலறை மேசையில் லூவான் சுட்டிருந்த 'ருபார்ப் பை' என்ற இனிப்புப் பண்டத்தில் இரண்டாவது துண்டும் வாங்கிக்கொண்டு, "இந்த மாதிரி கால் வேலையை நான் பார்த்ததே இல்ல, மிஸ்டர் ஹால்வர்சன்" என்றார். அணியில் இருக்கும்வரை படிப்புச் செலவு கல்லூரியுடையது.

மார்னி பள்ளி முடித்த 1993 வசந்தத்தோடு ஆறு பேர் ஆட்டத்தை மாநிலம் முழுக்க நிறுத்திவிட்டார்கள். கல்லூரியிலோ என்றைக்குமே ஐந்து பேர் ஆட்டந்தான். எல்லோரும் இரண்டு பக்கமும் ஓட வேண்டும்.

மார்னியைக் கல்லூரியில் கொண்டுபோய் விட்டவள் லூவான். தான் வேலை செய்யும் ஊர் இறைச்சிக் கடையில் அன்றைக்கு விடுப்புச் சொல்லியிருந்தாள். தங்கையின் போர்வைகளை மடித்து அடுக்கி, காலணிக் கயிறு நைந்திருக்கிறதா என்று இழுத்துப் பார்த்து, முதல் பயிற்சியையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று அரங்கத்தில் உட்கார்ந்தாள்.

மார்னி பந்தைப் பறித்தாள். ஓடினாள். நடுக்கோடு வந்ததும் வண்டிக்குப் பிரேக் போட்ட மாதிரி நின்றாள். பின்னால் ஓடிவந்த இருவர் அவள் முதுகில் மோதி, மூவரும் ஒரு குவியலாக விழுந்தார்கள்.

"என்னடி, அங்க மின்சார வேலியா போட்டிருக்கு?" என்று கத்தினாள் டெஸா. சிக்காகோக்காரி, அணியில் அதிகம் புள்ளி எடுப்பவள்.

எல்லோரும் சிரித்தார்கள். மார்னியும் சிரித்தாள். லூவானுக்குச் சிரிப்பு வரவில்லை. மறுமுறையும் அவள் நின்றாள். அதற்கடுத்த முறையும் நின்றாள்.

நவம்பர் கடைசியில், நன்றி நாள் பண்டிகை விடுமுறைக்கு மார்னி வீட்டுக்கு வந்தபோது வான்கோழியைக் கொறித்துக்கொண்டிருந்தாளே தவிரச் சாப்பிடவில்லை.

"மூளைக்குத் தெரியுது, லூ. காலுக்குத் தெரியல. கோடு வந்தா அதுவா நின்னுடுது."

"கோச் என்ன சொன்னாங்க?"

"பாதி மைதானத்துக்கு ஒரு ஆளை வெச்சுக்க முடியாதுன்னாங்க. கிறிஸ்துமஸ் வரைக்கும் பார்ப்பாங்களாம்."

அணியில் இடம் போனால் படிப்பும் போகும். மார்னி உடற்பயிற்சி ஆசிரியையாக வேண்டும் என்று பன்னிரண்டு வயதிலிருந்து சொல்லிவந்தவள். ஹால்வர்சன் வீட்டில் அதுவரை யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை.

"அப்படின்னா இங்க உட்கார்ந்து என்ன பண்றே? சாப்பிட்டுட்டுக் கிளம்பு" என்றாள் லூவான்.

திரும்பிப் போன மார்னி நேரே டெஸாவின் அறைக் கதவைத் தட்டினாள். பயிற்சியில் டெஸாவுக்கு இருந்த ஒரே தலைவலி மார்னிதான். அவள் தடுத்தால் டெஸாவால் ஒரு கூடைகூட ஒழுங்காகப் போட முடியவில்லை.

"எப்படித் தடுக்கறேன்னு உனக்குக் காட்டறேன். எப்படிப் போடறதுன்னு நீ எனக்குக் காட்டு."

"சரி. ஆனா நான் திட்டித்தான் சொல்லித் தருவேன், பரவாயில்லையா?"

"எங்க ஊர்ல பன்னி மேய்க்கறவங்க பேசறதை நீ கேட்டதில்ல."

அன்றிலிருந்து காலையில் வகுப்பு தொடங்கும் முன் டெஸா கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டாள். "வாடி சோளக்கொல்லை! வந்து பாரு, இந்தப் பக்கமும் தரைதான்! பயமா இருந்தா அக்காவைக் கூட்டிட்டு வா!" கோபம் வந்தால் மார்னி கோட்டைத் தாண்டினாள். கோபம் இல்லாதபோது நின்றாள். கோபமில்லாமலும் தாண்டத் தொடங்கியது டிசம்பர் நடுவில்தான். அதுவும் பயிற்சியில் மட்டுமே. போட்டி என்று வந்தால் மிஸ் ரிக்கர்ட் அவளைப் பெஞ்சிலேயே வைத்திருந்தார்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய கடைசிப் போட்டிக்கு ஊரிலிருந்து ஒரு பேருந்து நிறைய ஆட்கள் பனியில் வந்து இறங்கினார்கள். லூவான் பன்றி இறைச்சி சாண்ட்விச்சுகளைத் தாளில் சுற்றி, கடுகு தடவியது தடவாதது என்று பிரித்து எடுத்து வந்திருந்தாள். பக்கத்தில் கஸ் டீட்ரிக். முப்பது வருடம் ஊர்ப் பள்ளி ஆட்டங்களுக்கு விசில் ஊதியவர்.

எதிரணியில் உயரமான ஒருத்தி வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தாள். இரண்டாம் பாதியில் வேறு வழியில்லாமல் மிஸ் ரிக்கர்ட் மார்னியை இறக்கினார். அதற்குப் பிறகு அந்த உயரக்காரி கூடையைப் பார்க்கவே இல்லை. மார்னி அவளுடைய நிழலாக ஒட்டிக்கொண்டாள். அவள் திரும்பும் முன்பே அங்கே மார்னியின் கை இருந்தது. ஊர்க்காரர்கள் பெஞ்சுகளை உதைத்தார்கள்.

கடைசி நிமிடம். மார்னியின் கல்லூரி ஒரு புள்ளி பின்தங்கியிருந்தது. உயரக்காரி பந்தை வீச, மார்னி நடுவில் பாய்ந்து பறித்தாள். முன்னால் ஒருவரும் இல்லை. கோடும், அதற்கப்பால் காலி மைதானமும்.

லூவான் தன்னை அறியாமல் எழுந்து நின்று இரண்டு கையையும் முன்னே நீட்டியிருந்தாள். கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று பந்து வாங்கிய பழக்கம் அது.

மார்னி வீசவில்லை. நிற்கவும் இல்லை. கோடு அவள் காலுக்கடியில் போயே போய்விட்டது.

"மூணாவது தட்டு! மூணாவது தட்டு!" என்று கஸ் வாயில் விரல் வைத்து விசிலே அடித்துவிட்டார்.

"யோவ் கஸ், வாயை மூடும்!" என்று பின்வரிசையிலிருந்து ஊர்க்காரர் ஒருவர் கத்தினார்.

மார்னி எம்பி எறிந்தாள். பந்து பலகையில் பட்டு, வளையத்தைச் சுற்றி, வெளியே விழுந்தது. பின்னாலேயே ஓடிவந்திருந்த டெஸா அதைப் பிடித்து உள்ளே போட்டாள். மணி அடித்தது.

ஆட்டம் முடிந்த நெரிசலில் மிஸ் ரிக்கர்ட் மார்னியின் தோளைப் பிடித்து நிறுத்தினார். லூவான் அருகிலேயே இருந்தாள்.

"எறிஞ்சது மோசம். ரொம்ப மோசம்."

"தெரியும், கோச்."

"ஜனவரி மூணாந்தேதி பயிற்சி. முதல் அஞ்சு பேரோட வந்து நில்லு."

லூவான் கையில் மிஞ்சியிருந்த சாண்ட்விச்சைப் பயிற்சியாளரிடம் நீட்டினாள். அவர் அங்கேயே நின்றபடி தின்றார்.

முதல் கூடையை மார்னி ஜனவரிக் கடைசியில் வெளியூரில் போட்டாள். அதைப் பார்க்க லூவானால் போக முடியவில்லை. மறுநாள் கடைக்குத் தொலைபேசி வந்தது.

"போட்டுட்டேன், லூ."

லூவான் கத்தியைக் கீழே வைத்தாள். "இரு, முதல்லேருந்து சொல்லு. பந்து யார் குடுத்தா?"

"டெஸா."

"எந்தக் கையால போட்டே?"

"வலது."

"பலகையில பட்டுதா, நேரா விழுந்துதா?"

"பட்டு விழுந்துது. ஏன் லூ, போலீஸ்ல சொல்லணுமா?"

கடையில் ஹாம் இறைச்சி வாங்க நின்றிருந்தவர்கள் பொறுமையில்லாமல் பார்த்தார்கள். லூவான் தொலைபேசியை மார்போடு அணைத்துக்கொண்டு அவர்கள் பக்கம் திரும்பினாள்.

"வலது கை. பலகையில பட்டு விழுந்திருக்கு" என்றாள். பிறகு மறுபடி தொலைபேசியைக் காதில் வைத்தாள். "ம், சொல்லு. கோட்டுலேருந்து எவ்வளவு தூரம் உள்ள போயிருந்தே?"