ஐம்பத்திரண்டு நிமிடமும் நாற்பது விநாடியும்

பதிவின் முப்பத்தேழாவது நிமிடத்தில் ஆறுமுகசாமி ஒரு தும்மல் போட்டார். சொர்ணலதா அதைக் கழற்றி எறிந்தாள். அடுத்து ஒரு செருமல், அதுவும் போயிற்று. "அது வந்துங்க, என்ன சொல்ல வந்தேன்னா" என்று மூன்று முறை சொன்னார், மூன்றும் போயின. எல்லாம் போன பிறகு மிஞ்சியதை மறுபடி ஓடவிட்டுக் கேட்டாள். "நல்ல மெத்தை இருக்கறதே தெரியாதுங்க. கெட்ட மெத்தைதான் விடிய விடியப் பேசிட்டே கெடக்கும்." மேசையை ஒரு தட்டுத் தட்டி, "ஆய்த்து!" என்றாள். முடிந்தது என்பதைக் கன்னடத்தில் அப்படிச் சொல்வார்கள். மைசூரில் பிறந்து வளர்ந்த சொர்ணலதாவுக்கு அது தமிழ்தான்.

அக்ரஹாரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியறை அவள் அலுவலகம். கம்பெனிக்காரர்கள் பாட்காஸ்ட் என்று மணிக்கணக்காகப் பேசிப் பதிவு செய்து அனுப்புவார்கள். அதை உட்கார்ந்து கேட்க யாருக்கு நேரம் இருக்கிறது? சொர்ணலதா கேட்பாள். கேட்டு, வெட்டி, ஒட்டி, ஊர் பார்க்கிற மாதிரியும் படிக்கிற மாதிரியும் மாற்றித் தருவாள். "சுகநித்திரை மெத்தைகள்" முதலாளி ஆறுமுகசாமி ஐம்பத்திரண்டு நிமிடம் பேசினால், அதிலிருந்து நாற்பது விநாடி வீடியோ மூன்று, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கு நாலு வரி, கடைக்காரர்களுக்கு ஒரு கடிதம், பில்லின் பின்பக்கம் அச்சடிக்க ஒரு குறிப்பு, டெலிவரி வேனின் முதுகில் எழுத ஒரு வாசகம், இத்தனையும் வந்துவிடும். "என்னம்மா வேலை இது?" என்று நாத்தனார் ஒரு தடவை கேட்டதற்கு, "மிஞ்சின இட்லியில உப்புமா பண்றோம் இல்ல அண்ணி, அதான். ஆனா எனக்கு வர்ற இட்லி கல்லு மாதிரி இருக்கும்" என்றாள்.

அந்த இட்லி வேகிற இடம் ஹெப்பால் தொழிற்பேட்டையில் உள்ள மெத்தைக் குடோன். நாலு பக்கமும் உத்தரம் வரைக்கும் மெத்தை அடுக்கியிருக்கும். நடுவில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, கேள்வி கேட்க ஓர் ஆள், ஒரு மைக். எதிரொலி என்ற பேச்சே கிடையாது. ஆறுமுகசாமி ஹனூர்ப் பக்கத்துக்காரர். ஐம்பத்தெட்டு வயது. தொடையைத் தட்டித் தட்டிப் பேசுகிற வழக்கம். அந்தத் தட்டல்களைக் களைவதற்கே சொர்ணலதாவுக்கு அரை நாள் ஆகிவிடும். தென்னைநாரைப் பற்றிப் பேச ஆரம்பித்தாரென்றால், கொள்ளேகால் சந்தைக்குள் புகுந்து, யார் வீட்டு வளைகாப்பிலோ பந்தியில் உட்கார்ந்து, எழுந்து வருவதற்குள் தென்னைநார் மறந்து போயிருக்கும். அதிலும் "இப்பிடித்தான் ஒருக்கா" என்று வாயெடுத்தாரோ, போச்சு! அங்கிருந்து அடுத்த கேள்வி வரைக்கும் கேட்காமலேயே மொத்தமாகத் தூக்கிவிடுவாள் சொர்ணலதா. இரண்டு வருஷமாக இப்படித்தான் நடக்கிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் மகா கறார். அவர் சொல்லாத சொல்லைச் சேர்க்கமாட்டாள். சிரிப்பு வேண்டுமென்றால்கூட அதே இடத்தில் அவர் சிரித்ததாக இருக்க வேண்டும். "சுருக்குவேன், திரிக்கமாட்டேன்" என்பாள், யாரும் கேட்காதபோதுகூட.

வேலைப் புத்தி வீட்டுக்கும் கூடவே வந்துவிடுகிறது. மார்க்கெட்டில் பூக்காரம்மா வெயிலையும் மருமகளையும் மல்லிகை விலையையும் ஒன்றாகக் கட்டிச் சொன்னால், "கடைசில சொன்னீங்களே, அதை முதல்ல சொல்லுங்கம்மா" என்பாள். ஒரு நாள் கணவன் மனோஜ்குமார் ஃபேக்டரியிலிருந்து வந்து, சூப்பர்வைசரோடு போட்ட சண்டையை இருபது நிமிடம் விவரித்தான். கன்னத்தில் கை வைத்துப் பொறுமையாகக் கேட்டாள். "இதுல நாற்பது செகண்டு ரொம்ப நல்லா இருக்குங்க" என்றாள். மனுஷன் இரண்டு நாள் பேசவில்லை. அந்த இரண்டு நாளும் நிம்மதியாக இருந்ததாக வேறு சொல்லிக்கொண்டு திரிந்தாள், படுபாவி.

அவள் கெட்டிக்காரத்தனமே அவளுக்கு வினையாக வந்ததுதான் வேடிக்கை. போன மாதத்து எபிசோடைக் கடைசிவரை கேட்டவர்கள் பத்தொன்பது பேர். அதில் பாதி ஆறுமுகசாமியின் சொந்தக்காரர்கள். ஆனால் வேனின் முதுகை ஊரே படித்தது. குட்டி வீடியோக்கள் குண்டலுபேட்டை தாண்டியும் போயின. கல்யாண வீடுகளில் ஆட்கள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "கெட்ட மெத்தை பேசும்னு சொன்னீங்களே, அடடா!" என்றார்கள். முதல் தடவை அவர் திகைத்துப்போய், "நான் அப்பிடியா சொன்னேனுங்க அம்மிணி?" என்று சொர்ணலதாவுக்குப் போன் போட்டுக் கேட்டார். இரண்டாம் தடவை, "சொன்னேன் பாருங்க" என்றார். ஆறே மாதத்தில், தாம் வாயைத் திறந்தாலே அப்படித்தான் வரும் என்று மனதார நம்பிவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் பர்னிச்சர் கடைக்காரர்கள் சங்கத்திலிருந்து அழைப்பு வந்தது. ஆண்டுக் கூட்டத்தில் ஆறுமுகசாமி மேடையேறி அரைமணி நேரம் பேச வேண்டுமாம். ஆறுமுகசாமி புதுச் சட்டை தைக்கக் கொடுத்தார். வியாபாரத்தைப் பார்த்துக்கொள்ளும் மகன் தீபக் மாடியேறி வந்து, வியர்த்த முகத்தோடு சொர்ணலதா எதிரில் உட்கார்ந்தான்.

"அக்கா, அப்பா மேடையில தும்மினா உங்களால வெட்ட முடியாது. இருநூறு கடைக்காரங்க வர்றாங்க. வீடியோல பேசற ஆளு வேற, இவரு வேறன்னு ஆயிட்டா நம்ம மானம் கப்பலேறிடும். அப்புறம் பாட்காஸ்டும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம், நிறுத்திடலாம்."

 சொர்ணலதாவின் கையில் இருந்ததிலேயே நிலையான வேலை அதுதான். அது போனால் மாடியறையையே காலி செய்ய வேண்டியதுதான். அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்றும் இருந்தது. அந்த மனிதர் நாலு பேர் நடுவில் அசடு வழிவதை நினைக்கவே அவளுக்குப் பொறுக்கவில்லை. இரண்டு வருஷம் ஒருவர் குரலைக் காதுக்குள் வைத்திருந்தால் பாசம் வராமல் என்ன செய்யும்?

அவர் சொன்ன நல்ல வரிகளை எல்லாம் பொறுக்கி ஏழு நிமிடப் பேச்சாகத் தட்டச்சு செய்து எடுத்துப்போனாள். ஆறுமுகசாமி கண்ணாடியைக்கூட எடுக்கவில்லை. "இதெல்லாம் நான் சொன்னதுதானுங்களே, மறுக்கா எதுக்குப் படிக்கோணும்?" என்றார். கடைசியில் ஓர் ஏற்பாட்டுக்கு மட்டும் சம்மதித்தார்.

"அண்ணா, நான் முதல் வரிசையில இருப்பேன். நல்ல இடம் வந்ததும் தண்ணி பாட்டிலைத் தூக்குவேன். தூக்கினதும் நன்றி வணக்கம் சொல்லி எறங்கிடணும். அதுக்கப்புறம் ஒரு வார்த்தை பேசக் கூடாது."

"பாட்டிலைத் தூக்குனா நிறுத்தோணும். அவ்வளவுதானுங்களே? ஆகட்டுங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு மண்டபம் நிறைந்திருந்தது. ஆறுமுகசாமி செருமினார். "அது வந்துங்க" என்றார். தொடைக்குப் பதிலாக மேடை மேசையைத் தட்ட, மைக் இடி மாதிரி அதிர்ந்தது. தென்னைநாரில் ஆரம்பித்து கொள்ளேகால் சந்தைக்குள் நுழைந்தார். இரண்டு வரிசை போனை எடுத்துப் பார்க்கத் தொடங்கியது. பின்னால் தீபக் தலையில் கை வைத்துக்கொண்டான். பாட்டிலை மடியில் இறுக்கிப் பிடித்தபடி நல்ல இடத்துக்காகக் காத்திருந்தாள் சொர்ணலதா. நல்ல இடம் வருவேனா என்றது. நிறுத்தவும் முடியாது, விடவும் முடியாது. அப்போது பார்த்து அவர் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "இப்பிடித்தான் ஒருக்கா" என்றார்.

தொலைந்தோம் என்று கண்ணை மூடிக்கொண்டாள். கையில் மவுஸ் இல்லை. கேட்டுத்தான் ஆக வேண்டும்.

"தொழில் ஆரம்பிச்ச புதுசுங்க. குண்டலுபேட்டையில ஒரு கல்யாண வீட்டுக்கு டபுள் மெத்தை. பஸ்ஸு மேல போட்டுக் கட்டிட்டேன். நஞ்சன்கூடு தாண்டல, புடிச்சுது பாருங்க மழை! அப்பெல்லாம் பஞ்சு மெத்தைங்க. அது குடிச்ச தண்ணிக்கு, எட்டுப் பேரு சேந்தும் எறக்க முடியல. கண்டக்டரு, 'மேலயே கெடக்கட்டும், காஞ்சா எறக்கிக்கோ'ன்னுட்டாரு. நாலு நாளு அது குண்டலுபேட்டைக்கும் மைசூருக்கும் போயிட்டுப் போயிட்டு வந்துச்சுங்க. நானும் கூடவே போயிட்டு வந்தேன். பொருளை விட்டுட்டு வர முடியுமுங்களா?"

யாரோ ஒருவர் பக்கென்று சிரித்தார். போன்கள் ஒவ்வொன்றாகப் பைக்குள் போயின.

"கல்யாணம் முடிஞ்சு மூணு நாளாச்சு. மாப்பிள்ளையும் பொண்ணும் பாயிலதான் படுத்திருக்குதுங்க பாவம்! நாலாம் நாளு மெத்தை காஞ்சிருச்சு. தூக்கிட்டுப் போயிக் கதவத் தட்டறேன். பொண்ணைப் பெத்தவரு தொறந்தாரு. மெத்தையைப் பாத்தாரு. என்னையப் பாத்தாரு. ஒரே ஒரு கேள்வி கேட்டாரு பாருங்க…"

சிரித்துச் சிரித்துப் புரையேறிப்போயிருந்த சொர்ணலதா, யோசிக்காமல் பாட்டிலைத் தூக்கி வாயில் வைத்தாள்.

மேடையில் ஆறுமுகசாமி விறைத்து நின்றார். கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிற மனிதர். "நன்றிங்க, வணக்கம்" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

மண்டபம் கொதித்துவிட்டது. "என்ன கேட்டாரு?" என்று தமிழிலும் கன்னடத்திலும் கூச்சல். தீபக்கே எழுந்து நின்று, "அப்பா, சொல்லிட்டுப் போங்கப்பா!" என்று கத்தினான். ஆறுமுகசாமி ஒன்றும் புரியாமல், மைக்கிலேயே கேட்டார்: "அம்மிணி, நீங்கதானுங்களே பாட்டிலைத் தூக்குனீங்க?"

இருநூறு தலைகள் முதல் வரிசைப் பக்கம் திரும்பின. வெட்கம் சொர்ணலதாவைப் பிடுங்கித் தின்றது. "ஐயோ அண்ணா, தாகம்ணா! சொல்லுங்கண்ணா!" என்றாள். இரண்டு வருஷமாகக் கையில் இருந்த கதையின் முடிவு அவளுக்கும்தான் தெரியாது.

ஆறுமுகசாமியின் முகம் மலர்ந்தது. "'ஏனப்பா, இது தெனமும் எட்டு மணி வண்டிக்குப் போகுமே, இன்னைக்கு லீவா?'ன்னு கேட்டாருங்க."

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. தீபக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் இருந்த குண்டான கடைக்காரர் ஒருவர் அவன் முதுகில் அறைந்து, "இந்த மனுஷனை இத்தனை நாளு எங்கய்யா ஒளிச்சு வெச்சிருந்தீங்க?" என்றார். மேடையில் ஆறுமுகசாமிக்கு இறங்க மனமில்லை. "இன்னொண்ணும் இருக்குதுங்க" என்று மெதுவாக இழுத்தார், சொர்ணலதாவின் கையிலிருந்த பாட்டிலை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

சொர்ணலதா எழுந்தாள். நேரே மேடைக்கு ஏறிப்போய், பாட்டிலை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு, இறங்கி வந்து உட்கார்ந்தாள்.