பழைய அளவில் வெட்ட விடாதேயும், ஆண்டவரே

ஜனவரி, இரண்டாவது செவ்வாய்க்கிழமை. காலை ஏழே கால் மணிக்கு என் இடது கால் பெருவிரலை அசைக்க முடியவில்லை.

நான் நல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். இருபத்தாறு வருடம் மேசைமேல் குனிந்து துணி வெட்டிய முதுகு. கீழ்முதுகில் ஓர் எலும்பு முன்னால் வழுக்கி நரம்பை நசுக்குகிறது என்றார் கோயம்புத்தூர் டாக்டர். ஆபரேஷன் செய்து திருகாணி பொருத்த வேண்டும். அது போக வேண்டிய வழியை ரோபோவின் கை காட்டும். தாமதித்தால் காலை மறந்துவிட வேண்டியதுதான். அன்று அழுதேன். டைரியில் அதையும் எழுதினேன்.

ஆறுதல் சொல்ல வந்த சபைச் சகோதரர் ஒருவர், “மெஷின் கையில முதுகைக் குடுக்கறீங்களே பிரதர், ஜெபத்து மேல நம்பிக்கை போயிருச்சா?” என்றார்.

“மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வச்சிட்டு வேதம் வாசிங்க பிரதர். அப்புறம் பேசலாம்.”

அவர் போனதும் என் மனைவி, “வீட்டுக்கு வந்தவுகள இப்பிடியா பேசுவீய?” என்று கடிந்துகொண்டாள். நான் வருத்தப்படவில்லை.

‘உமது சித்தம்’ என்று ஜெபத்தைப் பணிவாக முடிக்க அன்று என்னால் முடியவில்லை. “ஆண்டவரே, இந்தக் கால் எனக்கு வேண்டும். எங்கேயாவது தவறு இருந்தால், வெட்டுவதற்கு முன்பே காட்டும்” என்று கேட்டேன்.

வியாழக்கிழமை ஸ்கேன் எடுத்தார்கள். திங்கட்கிழமை குளியலறையில் வழுக்கி விழுந்தேன். சொன்னால் ஆபரேஷனைத் தள்ளிவிடுவார்கள் என்று பயந்து, டைரியில் மட்டும் எழுதிவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

அடுத்த வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். மறுநாள் ஆபரேஷன். டாக்டர் கம்ப்யூட்டரில் என் முதுகெலும்பைக் காட்டி, திருகாணிகளின் வழியைக் கோடுகளாக வரைந்திருப்பதை விளக்கினார். ரோபோ இந்தக் கோட்டின்படிதான் போகும் என்றார். எனக்கு என் கட்டிங் மேசை நினைவுக்கு வந்தது. ரோலிலிருந்து பிரித்த பின்னல் துணியை நாங்கள் உடனே வெட்டமாட்டோம். ஒரு நாள் ஆறப்போடுவோம். இழுபட்ட துணி சுருங்கி நின்ற பிறகுதான் அளவு. முந்தின நாள் அளவை நம்பி வெட்டினால் அத்தனையும் வீண்.

“சார், இந்தப் படம் என்னைக்கு எடுத்ததுங்க?”

“போன வியாழக்கிழமைங்க.”

“திங்கக்கிழமை நான் விழுந்துட்டேங்க.”

டாக்டர் நாற்காலியைத் திருப்பி என்னை முறைத்தார். “ஏனுங்க, இதை இப்பத்தான் சொல்றதா? நாளைக்கு மயக்க மருந்து குடுத்தப்புறம் சொல்லலாம்னு இருந்தீங்களா?”

கேட்டது என் வாய். கேட்க வைத்தவர் யார் என்று எனக்குத் தெரியும்.

அன்று மதியமே மறுபடி ஸ்கேன். எலும்பு இன்னும் நகர்ந்திருந்தது. டாக்டர் கோடுகளை அழித்துப் புதிதாக வரைந்தார். ஆபரேஷன் சனிக்கிழமைக்குத் தள்ளிப்போனது. ஞாயிறு காலை ஒன்பது நாற்பதுக்குப் பெருவிரல் அசைந்தது. குதிகாலில் இன்றும் மரமரப்பு உண்டு, அதையும் மறைக்கமாட்டேன். மூன்று மாதம் கழித்துக் கட்டிங் மேசைக்குத் திரும்பினேன்.

சபையில் நான் சாட்சி சொல்லப் போவதைக் கேள்விப்பட்டு அந்தச் சகோதரர் மறுபடி வந்தார். “ரோபோவுக்கா சாட்சி சொல்லப் போறீங்க?”

“ரோபோ என் ஜெபத்தைக் கேக்கலை பிரதர். கேட்டவர் ரோபோவையும் வேலைக்குக் கூப்பிட்டுக்கிட்டார்.”

ஸ்கேன் கவரை பீரோவுக்குள் வைத்துவிட்டு, யார் என்ன சொல்வார்களோ என்று தயங்கும் சகோதர சகோதரிகளே, முழங்காலில் நில்லுங்கள். எது வேண்டுமோ அதைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். பிறகு எழுந்து டாக்டரிடம் போங்கள். பயத்தில் மறைத்ததையும் சொல்லிவிடுங்கள். நம் ஆண்டவர் அந்த அறையிலும் இருக்கிறார். நான் கண்டேன்.