கல்லில்லாத கவண்

கவண் சுற்றுகிறவர்களுக்கு இது தெரியும். கயிற்றின் நடுவில் கல்லை வைத்து, ஒரு நுனியை விரலில் மாட்டி, மறுநுனியைப் பிடித்துத் தலைக்கு மேல் சுழற்ற வேண்டும். வேகம் வந்ததும் பிடித்த நுனியை விட்டுவிட வேண்டும். சின்ன வயதில் பழகிய அந்தக் கைதான் போன மாதம் ராஜபாளையத்தில் என் மகளைக் காட்டிக்கொடுத்தது.

கூமாப்பட்டியில் மாமா சோளம் போட்டிருந்த வருஷம், நான் புளியமரத்திலிருந்து விழுந்து வலது கையை முறித்துக்கொண்டேன். கட்டுப் பிரித்த பிறகும் கை தோளுக்கு மேல் எழவில்லை. வலிக்குப் பயந்து நானும் எழுப்பவில்லை. இப்படியே விட்டால் இறுகிப்போகும் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். எனக்குத் தலை பின்னிவிடும்போதெல்லாம் அம்மா அழுதாள்.

மாமா என்னைச் சோளக்காட்டுக்குக் கூட்டிப்போய், காவல் பரணில் ஏற்றி, கையில் கவணைக் கொடுத்தார். கல் கேட்டேன்.

"கல்லு எதுக்கு தாயி? நீ கையத் தூக்கினாலே கிளி பயந்துரும். சும்மா சுத்து."

பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றினேன். கதிரில் இருந்த கிளிகள் அம்புட்டும் கத்திக்கொண்டு மலைப்பக்கம் பறந்தன. மறுநாள் அதே உயரத்துக்குச் சுற்றினால் ஒன்றும் அசையவில்லை. "இன்னும் செத்த ஒசத்து" என்று பரணுக்குப் பின்னாலிருந்து மாமாவின் குரல் வரும். உயர்த்தினால் பறக்கும். அறுப்புக்குள் என் கை காதைத் தாண்டிவிட்டது. கல் வைத்து விரட்டுகிற பிள்ளைகளை நான் மதிப்பதே இல்லை.

அறுப்பன்று களத்தில் அத்தை மாமாவைப் பிடித்துக்கொண்டாள். "காவலுக்கு ஆளு வச்சும் பாதிக் கதிரு வெறுங்கதிரா கெடக்கு. பரண்ல ஒக்காந்து என்ன செஞ்சீக, தூங்குனீகளா?"

என் பவுசு தெரியாமல் பேசுகிறாளே என்று எனக்கு அத்தை மேல்தான் கோபம்.

இந்த வயதில் ஸ்ரீவில்லிபுத்தூரில் என் வீட்டுக் குளியலறையில் வழுக்கி அதே தோளில் அடி. தோளுக்குப் பயிற்சி செய்ய ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார்கள். ஆட்கள் முன்னால் கையைத் தூக்கித் தூக்கி இறக்க எனக்கு என்ன தலையெழுத்து? மகள் என்னை ராஜபாளையத்தில் தன் வீட்டுக்குக் கூட்டிவந்து, டிவியில் ஒரு விளையாட்டுப் பெட்டியை மாட்டி, கையில் ஒரு வெள்ளைக் கோலைக் கொடுத்தாள். கோலை வீசினால் டிவிக்குள் நிற்கிற பொம்மையும் மட்டையை வீசிப் பந்தடிக்கும். முதல் நாள் என் பொம்மை மரம் மாதிரி நின்றது. கோபத்தில் கோலைப் போட்டுவிட்டேன். மறுநாளிலிருந்து அதற்குப் புத்தி வந்துவிட்டது. மகள் பின்னால் நின்று, "இன்னும் ஒசத்தும்மா" என்பாள். உயர்த்தினால் அடிக்கும். ஜெயித்துக்கொண்டே வந்தேன்.

"கோல்ல இருக்க கயித்தக் கையில மாட்டும்மா. டிவி ஒடஞ்சா ஒன் மருமகன்ட்ட நீதான் சொல்லணும்."

"வளையல் போட்ட கையில கயிறு எதுக்குட்டி?"

அன்று ஒரு பந்து உயரமாக வந்தது. கை தலைக்கு மேலே போனது, பழைய நினைப்பில் கோலை விட்டுவிட்டது. அது பறந்துபோய் சோபாவில் விழுந்து மூடி கழன்றது. நான் வெறுங்கையோடு நிற்கிறேன், டிவிக்குள் என் பொம்மை பந்தை அடிக்கிறது.

திரும்பிப் பார்த்தேன். மகள் கையில் இன்னொரு கோல். சோபாவில் கிடந்ததை எடுத்துப் பார்த்தேன். அதில் பேட்டரியே இல்லை.

"எம்புட்டு நாளா நடக்குது இது?"

"நீ கோவிச்சுக்கிட்டுப் போனீல்ல, அதுக்கு மறுநாள்ல இருந்து."

"பேட்டரியப் போடு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். கல்லும் கவணுமாகப் பரணுக்குப் பின்னால் மாமா நின்றது அப்போதுதான் என் கண்ணுக்குத் தெரிந்தது. என் கை உயரும்வரை அவர் எறியவில்லை. அதுவரை கிளிகள் தின்றது அவருடைய சோளத்தை.

அன்று களத்தில் அத்தை பேசப் பேச, மாமா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் இரண்டு கையையும் பின்னால் தூக்கி, அவிழ்ந்த என் சடையை நானே பின்னிக்கொண்டிருந்தேன். எதற்கு இப்படிப் பார்க்கிறார், தலையில் சோளச் சருகு ஏதும் ஒட்டியிருக்கிறதோ என்று தடவிப் பார்த்துக்கொண்டேன்.