தோய்க்காத முனை

தவசி டிரில் கம்பியின் முனையைத் தன் இடது பெருவிரல் நகத்தில் வைத்து மெல்ல இழுக்கிறார். முனை வழுக்கினால் கம்பி கிணற்றுக்குத் திரும்பாது. நகத்தில் வெள்ளைக் கோடு விழுந்தால்தான் கூர் வந்ததாக அர்த்தம். அந்த நகம் முழுக்கக் கோடுகள்.

கிணறு வெட்டும் கூட்டத்தில் அவருக்கு இது ஒன்றுதான் வேலை. கம்பி இரும்பு, நுனியில் பதித்திருக்கும் கார்பைடு துண்டு இரும்பல்ல. அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மனிதருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். டீக்கடையில் முன்பின் தெரியாதவரையும் பிடித்துக்கொள்வார். "இது உருக்கி ஊத்துனதில்லண்ணே. டங்ஸ்டனும் கரியும் சேந்த மாவு. மாவ அமுக்கிச் சுட்டிருக்காக. மாவு எம்புட்டுப் பொடிசோ அம்புட்டுக் கெட்டி. வைரத்துக்குத் தம்பின்னு வச்சுக்கங்க." ஏதோ தானே கண்டுபிடித்தது போல ஒரு சிரிப்பு வேறு.

கொல்லுப்பட்டறையில் இருபது வருடம் கிடந்த கைக்கு மட்டும் இந்த ஞானம் ஏறவில்லை. உளி சிவந்தால் தண்ணீரில் தோய்த்தே பழகிய கை அது. போன வாரம் ஆண்டிபட்டிக்கு மேற்கே அய்யம்மாளின் கிணற்றடியில், சாணையில் சூடேறிய முனையை யோசிக்காமல் வாளியில் முக்கிவிட்டது. டிக்கென்று ஒரு சத்தம். சூட்டோடு தண்ணீர் பட்ட கார்பைடு குறுக்கே விரிசல் விட்டுவிட்டது.

அன்றைக்கு மிச்சம் இருந்தது ஒரே கம்பி, அதுவும் மழுங்கல். துளைக் கருவிக்குக் காற்றழுத்தம் கொடுக்கும் கம்ப்ரசர் வண்டிக்குச் சாயங்காலத்தோடு கெடு. சின்னமனூரில் இன்னொரு கிணற்றுக்கு வாக்குக் கொடுத்தாயிற்று. அறுபது அடி ஆழத்தில் கரும்பாறை. பக்கவாட்டில் போட்ட துளை எட்டடி போயும் ஈரம் இல்லை. மேலே அய்யம்மாளின் கத்தரிச் செடிகள் இன்னும் இரண்டு நாள் தாங்கினால் அதிகம்.

தவசி வாளியைக் கவிழ்த்தார். "என் கைய நம்ப முடியல ஆத்தா. தண்ணி பக்கத்துலயே இருக்கக்கூடாது. நீ சாணையச் சுத்து."

அய்யம்மாள் கொண்டையை இறுக்கி முடிந்துகொண்டு சுற்றினாள். அவர் பச்சைச் சாணைக்கல்லில் முனையைத் தொட்டுத் தொட்டு எடுத்தார். நடுநடுவே, தானாக ஆறட்டும் என்று காற்றில் பிடித்துக்கொண்டு நின்றார். அவளுக்குப் பொறுக்கவில்லை.

"வெரசாத் தேய்யேன்யா. பொழுது சாயுது."

"சூடு ஏறுச்சுன்னா இதுவும் போயிரும் ஆத்தா. நீ நிறுத்தாமச் சுத்து."

நகத்தில் கோடு விழுந்தது. துளை போடும் ராக்கப்பன் கம்பியை வாங்கிக்கொண்டு இறங்கினான். தவசி ஒருநாளும் கிணற்றுக்குள் இறங்கியதில்லை. அன்றைக்கு மேலே நிற்க முடியாமல் பின்னாலேயே இறங்கினார். கம்பியை மாட்டிய ஜாக்ஹாமர் பாறையில் அதிர்ந்தது. துளையிலிருந்து பறந்த வெள்ளைத் தூசி கருத்தது, பிறகு சேறாக வழிந்தது. ராக்கப்பன் கம்பியை உருவியதும் கைத்தடி கனத்துக்குத் தண்ணீர் பீய்ச்சி அடித்தது.

"வந்துருச்சு ஆத்தா, தண்ணி வந்துருச்சு" என்று அவன் மேலே பார்த்துக் கத்தினான். வாய் வைத்துக் குடித்தான், தலையைக் காட்டி நனைந்தான். தவசி குடிக்கவில்லை. இரண்டு கைகளையும் மணிக்கட்டு வரை அந்தத் தண்ணீருக்குக் கொடுத்துவிட்டு, ராக்கப்பன் இரண்டு தடவை கூப்பிட்டும் எடுக்காமல் நின்றார்.