வெளிச்சத்தை முந்திய சத்தம்

சிவகாசியில் ஓர் ஆஃப்செட் அச்சகத்தின் மாடியில் அந்த அறை இருந்தது. கீழே மெஷின் ஓடினால் மாடியில் மேசை மேல் வைத்த பேனா தானாக நகரும். அங்கே உட்கார்ந்துதான் நஸீமா பட்டாசு வீடியோக்களுக்குக் கம்ப்யூட்டரில் இசை போட்டுக்கொண்டிருந்தார். அச்சகமும், ஏழாயிரம்பண்ணையில் இருந்த பட்டாசு கம்பெனியும் ஒரே முதலாளியுடையவை. ஊரே அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும்.

நான் விருதுநகர்க்காரன். டேப் ரெக்கார்டர் ரிப்பேரில் தொடங்கி, ஆம்ப்ளிஃபையர், சிடி பிளேயர் என்று போய், கடைசியில் கம்ப்யூட்டர் சர்வீஸில் வந்து நின்றவன். பொருள் எதுவாக இருந்தாலும் புகார் ஒன்றுதான்: சத்தம் வரவில்லை, அல்லது வர வேண்டிய மாதிரி வரவில்லை. ஒயர் இல்லாத இயர்பட்ஸை மாட்டிக்கொண்டு இசை மென்பொருளில் வேலை செய்யும் பிள்ளைகள் இப்போதும் அடிக்கடி போன் செய்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லும்போது எனக்கு அந்த மாடி அறைதான் ஞாபகம் வருகிறது.

1. கிணற்றுக்குள் ஒரு பாட்டு

அந்த வேலையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். சீசனுக்கு முன்னால் புது ரகங்களை ஆமத்தூர் பக்கம் ஒரு தரிசில், இருட்டிய பிறகு வெடித்துப் படம் எடுப்பார்கள். அதைப் பார்த்துத்தான் வெளி மாநில வியாபாரிகள் ஆர்டர் போடுவார்கள். ஆடிப் பதினெட்டு அன்று பூஜை போட்டு விலைப்பட்டியல் வெளியிடும்போது வீடியோவும் கூடவே போயாக வேண்டும்.

கேமரா தூரத்தில் நிற்பதால் வெளிச்சம் முன்னால் பதியும், வெடிச் சத்தம் பின்னால் பதியும். நஸீமா அந்தச் சத்தத்தைத் தனியாக எடுத்து, வெளிச்சத்துக்கு நேராக நகர்த்தி வைத்து, அதற்கேற்பத் தாளம் அமைப்பார். முந்தைய வருடங்களில் இந்த வேலை சென்னைக்குப் போனது. உள்ளூரில் கொடுத்தது அதுதான் முதல் தடவை. இதற்காக நஸீமா லேபிள் டிசைன் வேலையை விட்டிருந்தார்.

மெஷின் இரைச்சலில் ஸ்பீக்கர் வைத்து எதையும் கேட்க முடியாது. துபாயில் இருந்த அவருடைய அண்ணன், வெளிச் சத்தத்தை அடக்கும் இயர்பட்ஸ் ஒன்று வாங்கி அனுப்பியிருந்தார். அது வந்த வாரமே என்னைக் கூப்பிட்டார்கள்.

"சார், யூடியூப்ல நல்லா கேக்குது. என் சாஃப்ட்வேர்ல போட்டா கெணத்துக்குள்ள இருந்து பாடுற மாதிரி இருக்கு" என்றார் நஸீமா. "டூப்ளிகேட்ட வாங்கி அனுப்பிட்டான்னு எங்க அண்ணன நேத்துதான் வஞ்சேன்."

இயர்பட்ஸில் குறை இல்லை. கம்ப்யூட்டர் அதை இரண்டு சாதனங்களாகக் காட்டும்: பாட்டுக் கேட்க ஸ்டீரியோ, பேச ஹேண்ட்ஸ் ஃப்ரீ. இசை மென்பொருள் அதன் மைக்கையும் சேர்த்துத் திறந்திருந்தது. மைக் திறந்தால் இயர்பட்ஸ் போன் பேசும் நிலைக்கு இறங்கிவிடும், பாட்டும் போன் குரலாகிவிடும். மென்பொருளின் அமைப்பில் இன்புட்டை லேப்டாப்பின் சொந்த மைக்குக்கு மாற்றி, அவுட்புட்டுக்கு ஸ்டீரியோவைத் தேர்ந்தெடுத்தேன். பாட்டு கிணற்றைவிட்டு வெளியே வந்தது.

"அப்ப அவன்கிட்ட மன்னிப்புக் கேக்கணுமா சார்?"

கேட்பதுதான் முறை என்றேன்.

"கேக்க மாட்டேன். அடுத்து எதுக்காச்சும் வைய வேண்டியத இப்பவே வஞ்சதா இருக்கட்டும்."

2. டிவியில் முந்தியது

ஆடிப் பதினெட்டுக்குச் சில நாட்கள் இருக்கும்போது அண்ணாச்சியே போன் செய்தார். "முருகேசா, எங்கன இருக்க? ஒடனே வா" என்றார். காரணம் சொல்லவில்லை.

அவருடைய அறையில் பெரிய டிவியில் வீடியோக்கள் ஓடிக்கொண்டிருந்தன. நஸீமா சுவரோரமாக நின்றார். சில ரகங்களில் வெளிச்சமும் சத்தமும் ஒன்றாக வந்தன. மற்றவற்றில் சத்தம் முதலில் வந்தது, வானத்தில் பூ அதற்குப் பிறகுதான் விரிந்தது. நூல் அளவு வித்தியாசம்தான். ஆனால் பார்க்கச் சகிக்கவில்லை.

அண்ணாச்சி சத்தம் போடவில்லை. டிவியை நிறுத்திவிட்டுச் சொன்னார்:

"வெளிச்சத்தப் பாத்து சத்தத்தக் கேட்டா அது யாவாரம். சத்தத்த மொதல்ல கேட்டா, எந்தக் கம்பெனி வெடிச்சுதோன்னு வெளிய ஓடியாந்து, பொகை எந்தப் பக்கம்னு பாக்குற ஆளுக நாங்க. இத எங்க வேலைக்காரங்ககிட்ட நான் எப்படிப்பா காட்டுவேன்?"

சென்னைக்காரர்கள் அவசர வேலையாகச் செய்து தர ஒப்புக்கொண்டிருப்பதாகவும், மறுநாள் காலைக்குள் சரியாகவில்லை என்றால் படங்களை அங்கே அனுப்பிவிடுவதாகவும் சொன்னார். அப்படி ஒரு தடவை போனால் வேலை உள்ளூருக்குத் திரும்பாது என்று அந்த அறையில் இருந்த மூவருக்கும் தெரியும்.

முதலில் டிவியைச் சந்தேகப்பட்டேன். சில டிவிகள் படத்தை மெருகேற்றக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளும். அப்படியானால் எல்லா வீடியோவும் ஒரே மாதிரி கெட்டிருக்க வேண்டும். இங்கே சில சரி, சில தவறு. என் லேப்டாப்பில் போட்டாலும் அதேதான்.

மாடிக்குப் போனோம். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. டிவியில் தவறாக ஓடிய வீடியோ ஒன்றை நஸீமா மென்பொருளில் திறந்தார். இயர்பட்ஸில் ஒன்று என் காதில், மற்றது அவர் காதில். வெளிச்சமும் சத்தமும் அச்சுப் பிசகாமல் சேர்ந்து வந்தன.

"பாருங்க சார், எம்புட்டு கரெக்டா இருக்கு" என்றார்.

ஒருவேளை டிவிக்கு அனுப்பக் கோப்பாக மாற்றும்போது பிசகுகிறதோ என்று அந்த வழியில் கொஞ்ச நேரம் அலைந்தேன். ஒலியைச் சற்றுத் தேக்கிவைத்து அனுப்பும் பஃபரின் அளவைக் குறைத்தேன், சாம்பிள் ரேட்டைப் பார்த்தேன். எதுவும் பிடிபடவில்லை. அதற்குள் சாப்பாட்டு நேரமாகிக் கீழே மெஷினை நிறுத்தினார்கள். இனி ஆளுக்கொரு காதில் கேட்க வேண்டாமே என்று ஸ்பீக்கருக்கு மாற்றச் சொன்னேன். அதே வீடியோ, அதே மென்பொருள். சத்தம் முந்தியது.

நஸீமா மறுபடி இயர்பட்ஸுக்கு மாற்றிக் கேட்டார், பிறகு ஸ்பீக்கருக்கு. நான் வாய் திறப்பதற்குள் அவரே சொல்லிவிட்டார்.

"இது பிந்திக் கேக்குது சார். அது தெரியாம, பிந்துறதுக்கு ஏத்தாப்புல நான் சத்தத்த முன்னால இழுத்து இழுத்து வச்சிருக்கேன்."

ஒயர் இல்லாத எந்த இயர்பட்ஸும் சத்தத்தைச் சுருக்கி, காற்றில் அனுப்பி, விரித்துக் கொடுக்க ஒரு கணம் எடுத்துக்கொள்ளும். யூடியூப் மாதிரி இடங்களில் அந்தக் கணத்துக்குப் படத்தையும் நிறுத்திவைத்துக் கொடுப்பார்கள். அதனால் நமக்குத் தெரியாது. நஸீமாவின் இசை மென்பொருள் அப்படி நிறுத்திவைக்கவில்லை. பஃபரை எவ்வளவு குறைத்தாலும் இந்தத் தாமதம் போகாது. அது கம்ப்யூட்டருக்கு வெளியே நடப்பது.

அப்படியானால் சில வீடியோக்கள் மட்டும் எப்படிச் சரியாக இருந்தன? இதற்குத்தான் எனக்குப் பதில் கிடைக்கவில்லை. நஸீமா அந்த வீடியோக்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தார். பாதியில் நிறுத்தினார்.

"இதெல்லாம் ஞாயித்துக்கெழம செஞ்சது சார். அன்னைக்கு மெஷின் ஓடாது. காதுல மாட்டவே மாட்டேன், ஸ்பீக்கர்தான்."

முடித்ததை அவர் மறுபடி திறந்து பார்ப்பதில்லை. அதனால் வார நாள் வேலையை ஸ்பீக்கரிலோ, ஞாயிற்றுக்கிழமை வேலையை இயர்பட்ஸிலோ ஒரு தடவைகூடக் கேட்டிருக்கவில்லை.

காரணம் தெரிந்த பிறகு வேலை சுலபம். மென்பொருளில் 'டிக்' என்று ஒரு ஒலியை ஓடவிட்டு, இயர்பட்ஸை லேப்டாப்பின் மைக் மேல் வைத்து, அதையே திரும்பப் பதிவு செய்தோம். போன ஒலிக்கும் வந்த ஒலிக்கும் இடையில் திரையில் தெரிந்த தூரம்தான் தாமதம். வார நாள் வீடியோக்களில் சத்தம் முழுவதையும் அந்த அளவுக்குப் பின்னால் தள்ளினோம். ஞாயிற்றுக்கிழமை வீடியோக்களைத் தொடவில்லை. நஸீமா ஒவ்வொன்றையும் ஸ்பீக்கரில் போட்டுச் சரிபார்த்தார். மெஷின்காரர்களிடம் சொல்லி, கீழே ஓட்டத்தைச் சற்று நிறுத்தி வைத்திருந்தோம்.

சாயங்காலம் அண்ணாச்சி பார்த்தார். சரியாக இருக்கிறது என்றுதான் எதிர்பார்த்தோம். அவர் இன்னும் கொஞ்சம் பிந்தட்டும் என்றார்.

ஒன்றாக வந்தால்தான் தாளம் சேரும் என்று நஸீமா வாதாடினார்.

"ஒன் தாளம் ஒனக்குத்தான். தரிசுல நிக்கிறவனுக்கு வெளிச்சந்தான் மொதல்ல, பெறகுதான் சத்தம். வாங்குறவனுக்கும் கண்ணு அப்படித்தான் பழகிருக்கும்."

நஸீமா மாடிக்குப் போனார். இறங்கி வந்தபோது தாளத்தை வெளிச்சத்தின் மேலேயே விட்டுவிட்டு, வெடிச் சத்தத்தை மட்டும் ஓர் இமைப்பொழுது பின்னால் வைத்திருந்தார். பூ விரியும்போது மேளம் விழுந்தது, வெடி அதற்குப் பதில் சொல்வதுபோல் பின்னால் வந்தது. நான் கேட்டவரையில் அந்த சீசனின் மிக நல்ல வேலை அது. அண்ணாச்சி முழுவதையும் பார்த்துவிட்டு, சென்னைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடும்படி கணக்கரிடம் சொன்னார். பாராட்டெல்லாம் கிடையாது.

இப்போது அந்த மாடியில் பேப்பர் ரீம்கள் அடுக்கியிருக்கிறார்கள். நஸீமா சாத்தூரில் சொந்தமாக ஸ்டூடியோ வைத்துவிட்டார். அச்சகத்துப் பக்கம் போகும்போதெல்லாம், நானும் அவரும் ஆளுக்கொரு காதில் இயர்பட்ஸை மாட்டிக்கொண்டு திகைத்து உட்கார்ந்திருந்த அந்த மதியம் நினைவுக்கு வரும். போன் செய்கிற பிள்ளைகளிடம் நான் சொல்வது ஒன்றுதான்: எதைக் காதில் மாட்டிக்கொண்டு வேண்டுமானாலும் வேலை செய்யுங்கள், அனுப்புவதற்கு முன் அதைக் கழற்றிவிட்டு, வாங்குகிறவர் எதில் கேட்பாரோ அதில் ஒரு தடவை கேளுங்கள்.

அந்த ஆடிப் பதினெட்டு அன்று பூஜை முடிந்ததும் கம்பெனி வேலைக்காரர்களுக்காகச் சுவரில் வீடியோவைப் போட்டார்கள். பெண்கள் வேனில் வந்து இறங்கித் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். கம்பெனியில் தனித்தனி அறைகளில் அவர்கள் மருந்து அடைத்து, திரி வைத்துக் கட்டியதெல்லாம் லோடாகி வடக்கே போய்விடும். வானத்தில் அது எப்படி விரியும் என்று பலரும் பார்த்ததில்லை. நாலாவது ரகம் வெடித்தபோது முன்வரிசையில் இருந்த ஒரு பெண் பக்கத்தில் இருந்தவளின் கையைப் பிடித்தார்.

"ஏட்டி, இது நம்ம ரூம் சரக்கு."

பிறகு திரும்பி, லேப்டாப்புக்குப் பக்கத்தில் நின்ற நஸீமாவைப் பார்த்தார். "இன்னொருக்க போடு தாயி" என்றார்.

நஸீமா போட்டார்.